கிச்சிலி சோடா

1936, பிப்ரவரி 26, புதன்

பாடம் பாதியில் நின்றது.

ஜெசிந்தாவின் நெற்றியில் சாம்பல். காலையில் கோயிலில் பூசினார்களாம். இன்றிலிருந்து ஈஸ்டர் வரை நோன்பு. என் விபூதியைப் பார்த்து, "இன்னிக்கு நானும் உங்க மாதிரிதான் சார்" என்றாள். நான் 'அமிலங்கள்' அத்தியாயத்தைத் திறந்தேன்.

சாந்தோமுக்குத் தெற்கே, மணல் தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. அவள் கன்னிமாடப் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். மேல் வகுப்பு எடுக்க வேண்டுமானால் விஞ்ஞானப் பரீட்சை ஒன்று தேற வேண்டும். நான் கல்லூரி ரசாயன சாலையில் வெறும் டெமான்ஸ்ட்ரேட்டர். புதனும் சனியும் மாலையில் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. மற்ற ஐந்து நாட்களை எப்படிக் கழிக்கிறேன் என்று இங்கே எழுத வேண்டாம்.

பாடத்தை நிறுத்தியவர் அவள் அப்பா சவரிமுத்து. இரண்டு கட்டுமரத்துக்குச் சொந்தக்காரர். போன ஐப்பசியில் குடித்துவிட்டு அலையில் விழுந்தவரை இரண்டு பேர் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்களாம். இன்று சாமியார் முன்னால் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறார்: நோன்பு முடிகிறவரை சாராயம் இல்லை.

"வாத்யாரே, அஞ்சு மணியானா கை தானா கிளாஸைத் தேடுது. மோரு குடுக்கறாளுங்க, சர்பத்து குடுக்கறாளுங்க. நான் இன்னா பச்சப் புள்ளையா? தொண்டையில கடிக்கணும். லேசாக் கசக்கணும். நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே? போதை இல்லாம, கடிக்கற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன்."

அவர் மனைவி ஆரோக்கியமேரி மீன் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நோம்பு பெரிசில்ல தம்பி. ஈஸ்டர் அன்னிக்கு எங்கண்ணன் மிக்கேலு பாட்டிலோட வந்து நிப்பான். அன்னிக்குத் தாண்டினாத் தாண்டினதுதான்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். போதும்.

பிப்ரவரி 29, சனி

எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஒரு சிட்டிகை சோடா உப்பு. பொங்கியது. சவரிமுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"வாத்யாரே, டாக்டர் குடுக்கற பேதி மருந்துதானே இது?"

நியாயம். உப்பு புளிப்பைத் தின்றுவிடுகிறது. நுரை போன பிறகு மிஞ்சுவது சோப்புத் தண்ணீர். பி.ஏ.யில் முதல் வகுப்பு.

மார்ச் 3, செவ்வாய்

புளிப்பு வேண்டும், கசப்பு வேண்டும், வாயு வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கொல்லாமல். மனிதர்களிடம் கேட்டால் அதிகம், திரவத்திடம் கேட்கலாம்.

மார்ச் 7, சனி

அவமானம்.

ரொட்டிக் கடையில் மாவு புளிக்க வைக்கும் திரவம் கொஞ்சம் வாங்கிச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டு மூன்று நாள் வைத்தேன். அழகான குமிழிகள். ஊசி முனை அளவு. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சேரி ரோடு முழுவதும் நடந்தேன், குழந்தையைத் தூக்கிப் போகிறவன் போல.

ஜெசிந்தா தக்கையைத் திறந்து முகர்ந்தாள். அவசரமாக மூடினாள். "இது கள்ளு சார்."

"இல்லை, ரொட்டிக் கடை..."

"ரொட்டிக்காரன் கள்ளு ஊத்தித்தானே மாவு புளிக்க வக்கறான்? சாந்தோம்ல கொயந்தைக்குக்கூடத் தெரியும். நைனா இத முகர்ந்தா இன்னா ஆவும்?"

கொல்லைக்குக் கொண்டுபோய் மணலில் கவிழ்த்தோம். குமிழிகள் வேண்டுமென்று சர்க்கரையைப் புளிக்க விட்டால் குமிழிகளோடு அதுவும் வரும் என்பதை நான்தான் அவளுக்கே சொல்லிக் கொடுத்தேன், டிசம்பரில், பலகையில் எழுதி. மணல் குடித்து முடிக்கிறவரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் சிரித்தாள். நானும்.

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் வீட்டில். சித்திரக்குளம் பக்கம் கிச்சிலிப் பழம் கூடை கூடையாக வந்திருக்கிறது. பழத்தை விட்டுவிட்டுத் தோலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா கங்கா, பழத்தைத் தூரப் போட்டுட்டுத் தோலை வேக வச்சிண்டிருக்கே? உங்க காலேஜிலே இதுதான் படிப்பா?"

"கசப்பு வேணும், அம்மா."

"கசப்பு வேணும்னா உள்வெள்ளையைச் சுரண்டிட்டுப் போடு. வெள்ளை கசக்காது, காறும். மேல்தோலுதான் கசப்பு, அதுலதான் வாசனை. முதல் கொதியைக் கொட்டிடு. ரெண்டாவது கொதியிலே பாகு வை. அடுப்பை அணைச்சப்புறம் ஒரு கிராம்பு, நாலு வில்லை இஞ்சி. பித்தளையிலே வைக்காதே, களிம்பேறும்."

தானே உட்கார்ந்து நான்கு தோலைச் சுரண்டிக் காட்டினாள். கத்தி ஒரே ஓட்டத்தில் போயிற்று. யாருக்காக என்று கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

மார்ச் 14, சனி

வாயுக் குழாய் வைத்து நானே சோடா செய்யப் பார்த்து ஒரு பாட்டில் கிணற்றடியில் வெடித்தது. இடது கட்டைவிரலில் கட்டு. ஆகவே திருவல்லிக்கேணி.

வாலாஜா மசூதிக்குப் பின்னால் ஷாஹுல் ஹமீதின் சோடாக் கடை. அவர் சோடா இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே என் கட்டைப் பார்த்தார். "வீட்டுல பண்ணிப் பாத்தீங்களா தம்பி? காஸை ஏமாத்த முடியாது. தண்ணி ஜில்லுனு கீதுன்னா உள்ள குந்தும். சூடு பட்டா எந்திரிச்சுப் போயிடும். பாட்டிலை ஈரத்துணி சுத்தி மண்ணுல புதைச்சு வைங்க. ஊத்தறப்ப உசரத்துல இருந்து ஊத்தாதீங்க. கிளாஸைச் சாச்சு, ஓரமா விடுங்க. ஊத்தினப்புறம் கலக்கினா நான் சுத்தினதெல்லாம் வேஸ்ட்டு."

பன்னிரண்டு கோலி சோடா. வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது என்று அம்மா. "யார் யார் வாய் வச்ச பாட்டிலோ." கிணற்றடியில், துளசி மாடத்துக்கு எட்டாத தூரத்தில், மண்ணில் புதைத்திருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது. எழுதி வைக்கிறேன்.

கண்ணாடி கிளாஸ். அடியில் கிச்சிலித் தோல் பாகு இரண்டு கரண்டி. ஒரு எலுமிச்சையின் சாறு, அப்போதே பிழிந்தது; சாறு அடுப்பைப் பார்க்கக் கூடாது. கல் உப்பு நாலு கல். பிறகு குளிர்ந்த சோடா, சாய்த்து, ஓரமாக. கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். மேலே தோலின் ஒரு சீவலை மடித்து நசுக்கினால் எண்ணெய் தெறிக்கும். மூக்குக்கு அது.

முதலில் புளிப்பு. பிறகு கடி. எல்லாம் முடிந்த பிறகு நாக்கின் பின்புறத்தில் கசப்பு, தாமதமாக, கதவைத் தட்டாமல் வருகிறவர் போல.

தங்கை சூடாமணிக்குக் கிணற்றடியில் ஒரு டம்ளர். எங்கள் வீட்டு வழக்கப்படி அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள். வாயு நேராக மூக்கில் ஏறிற்று. ஆறு தும்மல். "அண்ணா, இது மருந்தா மிளகாயா? எப்படி அண்ணா குடிக்கிறது இதை?"

குறித்துக்கொள்ள: இதை அண்ணாந்து குடிக்க முடியாது. வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

மார்ச் 18, புதன்

சவரிமுத்து குடித்தார். கண்ணை மூடினார். நாங்கள் மூவரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கடிக்குது" என்றார்.

பிறகு, "கசக்குது" என்றார். இரண்டாவது கிளாஸுக்குக் கையை நீட்டினார். ஆரோக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாவது கிளாஸில் பேச்சு வந்தது. வெறும் எலுமிச்சைக்கே!

"வாத்யாரே, எங்க வழக்கம் தெரியுமா உனக்கு? ஒரே மரத்துல கடலுக்குப் போறவங்க ஒரே கிளாஸ்லதான் குடிப்போம். புதுசா ஒருத்தனச் சேத்தா, எல்லார் முன்னாடியும் மொதல் கிளாஸ நான் ஒரு வாய் குடிச்சிட்டு அவன் கையில குடுப்பேன். அவன் குடிச்சிட்டான்னா அப்பால அவன் நம்ம ஆளு. கடல்ல வுட்டுட்டு வர மாட்டோம்."

நல்ல வழக்கம். சொற்கள் தேவைப்படாத வழக்கம்.

போகும்போது ஜெசிந்தா வாசல்வரை வந்தாள். "நைனா சிரிச்சிக் குடிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன் சார். குடிச்சா அழுவாரு எப்பவும்." அவள் விரலில் கிச்சிலி வாசனை. தோல் சுரண்ட அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: அம்மாவின் கை வழியாக என் கைக்கு, என் கை வழியாக அவள் கைக்கு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

மார்ச் 28, சனி

பாடம்: வாயுக்கள். ஒன்றும் நடத்தவில்லை.

ஏப்ரல் 4, சனி

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் கூட்டம். சாந்தோமுக்குப் போகும் வழியெல்லாம் அடைபட்டுப் பாடம் இல்லை. மாட வீதி முனையில் பார்த்தால் ஜெசிந்தா, பள்ளிக்கூடச் சினேகிதி ஒருத்தியோடு, பொம்மைக் கடை முன்னால். வேண்டுமென்றே வந்தாளா? கேட்கவில்லை.

கூட்டம் இடித்தது. அந்த இரைச்சலில்தான் சொல்ல முடிந்தது. ஈஸ்டருக்குப் பிறகு உங்கப்பாவிடம் கேட்கப் போகிறேன் என்றேன். மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

"உங்க வீட்டுல?" என்றாள்.

"அவர்களிடமும் சொல்வேன்."

"நீங்க கேக்க வேணாம் சார். உங்களுக்குப் பேச வராது. நானே நைனாகிட்ட சொல்லி வைக்கறேன். அவரே எதுனா சொல்லுவாரு." பிறகு, "சார்னு இனிமே எப்படிக் கூப்பிடறது?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

வீடுவரை எப்படி வந்தேன்? தெரியாது. செருப்பை எங்கோ விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு, ஈஸ்டர்

வெற்றி.

பூசை முடிந்து உறவினர் பதினைந்து பேர். முற்றத்தில் பாய். மிக்கேல், சொன்னபடியே, துணியில் சுற்றிய பாட்டிலோடு. "மச்சான், ஆண்டவரே எந்திரிச்சிட்டாரு. நீ இன்னும் நோம்புல குந்திக்கினு கீறியே?"

சவரிமுத்து: "வாத்யாரு ஒண்ணு வச்சிக்கீறாரு. அதக் குடி. அப்பால பேசு."

நான் பாகை விட்டேன், சாற்றைப் பிழிந்தேன், சோடாவை ஓரமாக ஊற்றினேன். முதல் கிளாஸ் சவரிமுத்துவுக்கு. ஒரு வாய் குடித்தார். மீசையைத் துடைக்காமல் அதே கிளாஸை என் பக்கம் நீட்டினார். பேச்சு நின்றது. வாங்கினேன்; அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். வாயு மூக்கில் ஏறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, சட்டையெல்லாம் எலுமிச்சை. சூடாமணிக்கு ஆனதேதான்! எழுதி வைத்திருந்தும்.

மிக்கேல்: "ஐயருக்கு எச்சி ஆவாதுப்பா! காக்கா மாதிரி மேல பாத்துக்கினு குடிக்கறாரு பாரு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சவரிமுத்து கிளாஸை வாங்கிக் கீழே வைத்தார். "செரி, எல்லாருக்கும் ஊத்து" என்றார்.

மிக்கேலின் பாட்டில் துணி அவிழாமலே திரும்பிப் போயிற்று. ஆரோக்கியமேரி என் தலையைத் தொட்டாள். ஜெசிந்தா வாசற்படியில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. விடியலிலிருந்து கோயில், களைப்பாக இருக்கும்.

புதன்கிழமை தெரிந்துவிடும்.

ஏப்ரல் 15, புதன்

எழுத முடியுமா பார்க்கிறேன். அவள் சொன்னபடியே.

"நைனா கிளாஸ் குடுத்தாரே, ஞாபகம் கீதா?"

"ஆமாம்."

"அது சோடா இல்ல சார். பதில்."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் புத்தகத்தை மூடினாள்.

"அறுபத்து மூவர் அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அப்பால, செரி, பாக்கலாம்னாரு. மிக்கேல் மாமா முன்னாடி, எல்லார் முன்னாடியும் குடுக்கணும்னுதான் அன்னிக்குக் குடுத்தாரு. நீங்க வாய் வைக்கல."

வழக்கத்தை அவரே எனக்குச் சொல்லியிருந்தார். மார்ச் 18. இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நல்ல வழக்கம் என்றுகூட எழுதியிருக்கிறேன்.

"பழக்கம், ஜெசிந்தா. எங்காத்துல எல்லாரும் அப்படித்தான். யோசிச்சுப் பண்ணல. கை தானா போச்சு."

"தெரியும் சார். பத்து மாசமாப் பாக்கறேனே. காப்பி குடுத்தா இப்பத்தான் குடிச்சேம்பீங்க. ருசி பாக்கறப்ப உள்ளங்கையில ஊத்திப்பீங்க. அம்மா கேக்கறப்பல்லாம் நாந்தான் சொல்லுவேன், பழக்கம்மா, மனசுல ஒண்ணும் கெடையாதுன்னு."

"மாத்திக்கறேன்."

"நீங்க மாத்திப்பீங்க." மூடிய புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "உங்க வீட்டுக்கு நான் வந்தா எந்த டம்ளர்ல குடிப்பேன்?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பொய்யாவது. தனியாக வீடு எடுப்போம், அடையாறில், பாலத்துக்கு அப்பால், யாரும் இல்லாத இடத்தில். எங்கள் சமையலறை அலமாரியில் அடுக்கியிருக்கும் டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "நைனா வாய் வச்ச எடத்தப் பாத்தீங்களா?"

"இல்லை" என்றேன்.

"செரி" என்றாள்.

ஏப்ரல் 16, வியாழன்

பழக்கம். பழக்கம். பழக்கம்.

ஏப்ரல் 18, சனி

போனேன். சவரிமுத்து வலை பின்னிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். எனக்காக அவர் எழுந்து நின்றதே இல்லை.

"பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான். இனிமே அவளே படிச்சிப்பா. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்? நீங்க ரொம்ப ஒதவி பண்ணீங்க."

நீங்க.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: தெரியாமல் செய்துவிட்டேன், இன்னொரு முறை கொடுங்கள், இப்போதே குடிக்கிறேன். சிறு பிள்ளை மாதிரி. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அது கேட்டு வாங்கறதில்லீங்க."

பிறகு, "சோடாவ வுட மாட்டேன். கவலப்படாதீங்க" என்றார்.

ஜன்னலில் யாரும் இல்லை. இருந்தார்களா? திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

வீட்டில், கூடத்தில், எல்லோரும் பார்க்க, தண்ணீர் டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தேன். வேண்டுமென்றே. மெதுவாக.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம். அவள் பேசாமல் வந்து, வாழையிலைத் துண்டால் டம்ளரைப் பிடித்துத் தூக்கி, கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தாள். வெயிலில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "எங்கடா கத்துண்டே?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. பயம்.

நான் அவளிடமும் சொல்லவில்லை. நான் யாரிடம் எதைச் சொல்லியிருக்கிறேன்?

சூடாமணி பிறகு கிணற்றடிக்கு வந்தாள். "அண்ணா, யாராவது செத்துப் போயிட்டாளா?" என்றாள்.

மே 9, சனி

சனிக்கிழமை ஐந்து மணி. கால் தானாகக் கச்சேரி ரோடில் திரும்பிற்று. சாந்தோம் மணி கேட்கும் தூரம்வரை போய்த் திரும்பினேன். கால் கூடப் பழக்கம்தான்.

இதை எழுதிவிட வேண்டும். வேறெங்கும் எழுத மாட்டேன்.

பார்த்தேன்.

கிளாஸின் விளிம்பில், என் பக்கமாக, ஈரம். மீசையின் ஈரம். நுரை உடைந்து ஒரு பிறைபோல. வெயில் அதன்மேல் பட்டது. அதைப் பார்த்தேன், பிறகுதான் கை மேலே போயிற்று. இடையில் ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் நான் இருந்தேன். படித்த, நவீனமான, எல்லாரும் சமம் என்று லிட்டரரி சொசைட்டியில் கட்டுரை வாசித்த நான். கைதட்டினார்கள்.

கை தானாகப் போகவில்லை.

அவள் அதைத்தான் கேட்டாள். அவள் கேட்டபோது அவளுக்குத் தெரியும். 'பார்த்தேன்' என்று சொல்லியிருந்தால்? அதுதான் அவள் கேட்ட கேள்வியோ? நான் பார்த்ததைப் பற்றியல்ல, சொல்வேனா என்று. உண்மையைச் சொல்கிறவனோடு ஒருவேளை அந்த டம்ளர் கேள்வியையும் தாண்டியிருப்பாளோ?

தெரியாது. இல்லை என்றேன். செரி என்றாள்.

ஜூன் 14, ஞாயிறு

ஷாஹுல் ஹமீது சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? சவரிமுத்து இப்போது சோடாவை நேராக அவரிடமே வாங்குகிறாராம். "ஓங்க சிநேகிதர் மக கல்யாணமாமே. கோயில்ல கல்யாணத்த அறிவிச்சு ஓலை வாசிச்சிட்டாங்களாம். மாப்ள ராயபுரம், துறைமுகத்துல குமாஸ்தா. நூறு சோடா வேணும்னு சொல்லிட்டுப் போனாரு." சக்கரத்தை நிறுத்தினார். "தம்பி, குந்துங்க. தண்ணி வேணுமா?"

பரீட்சையில் தேறிவிட்டாளாம். அதையும் அவர்தான் சொன்னார்.

ஜூன் 30, செவ்வாய்

ஆரோக்கியமேரி கோயிலிலிருந்து வருகிறவள் போல எங்கள் தெரு முனையில் நின்றிருந்தாள். எத்தனை நேரம் நின்றாளோ. வீட்டுக்கு வரவில்லை, வரமாட்டாள்.

"தம்பி, கேக்கக் கூடாது. ஆனா கேக்கறேன். கல்யாணத்துல பாட்டில் வைக்கலன்னா மிக்கேலு சண்டைக்கு வருவான். வச்சா, இவரு கை நீளும். உங்க பாகு இருந்தா எல்லார் கையிலயும் ஒரு கிளாஸ் இருக்கும். நான் பண்ணிப் பாத்தேன், வரல. காறுது."

"உள்வெள்ளையைச் சுரண்டணும்" என்றேன்.

"ஜெசிந்தா சுரண்டினா வரும். அவளச் சுரண்டச் சொல்ல முடியல தம்பி." அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூலை 6, திங்கள்

கிச்சிலி காலம் முடியப் போகிறது. கொத்தவால் சாவடிவரை போய் நூற்றிருபது பழம்.

அம்மா வந்து உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். "யாருக்குடா இத்தனை?"

"ஒரு கல்யாணத்துக்கு."

"யாராத்துக் கல்யாணம்?"

"தெரிஞ்சவா."

நாற்பது தோல் சுரண்டி முடித்தோம். பிறகு, கத்தியைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு நல்ல பொண்ணா?" என்றாள்.

"ஆமாம்மா."

அம்மா சுரண்டினாள். வெள்ளை ஒரு இழைகூட இல்லாமல். பழையபடி ஒரே ஓட்டத்தில் அல்ல. மெதுவாக, ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. கண்ணில் தெறித்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இரண்டு கண்ணையும்.

ஜூலை 8, புதன்

ஆறு ஜாடி. கொல்லைப் பக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே பந்தல் கட்டும் சத்தம். யாரோ பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அதில் இல்லை, எனக்குத் தெரியும். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வேண்டியிருக்கிறது.

புதன். பாட நாள்.

ஜூலை 9, வியாழன்

காலை எட்டரை மணிக்கு மணி அடித்தது. மயிலாப்பூர்வரை கேட்கும், காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால்.

வந்தது.

நவம்பர் 22, ஞாயிறு

ஒன்றுமில்லை. மழை.

1937, மார்ச் 28, ஞாயிறு, ஈஸ்டர்

எட்டு மாதமாக இதைத் திறக்கவில்லை என்றே சொல்லலாம்.

சவரிமுத்துவிடமிருந்து நேற்றுச் செய்தி: பாகு தீர்ந்தது. ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு போனேன். மாலை, விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். மிக்கேல் இந்த ஆண்டு பாட்டில் கொண்டு வரவே இல்லையாம். "அவனும் இதத்தான் குடிக்கறான். எங்கிட்டச் சொல்லாம உங்க பாகுல ஒரு கிண்ணம் திருடிக்கினு வேற போயிட்டான்" என்று ஆரோக்கியமேரி சிரித்தாள். சவரிமுத்துவின் முகம் தெளிந்திருக்கிறது. கை நடுக்கம் இல்லை. ஜெசிந்தா ராயபுரத்தில், ஏழாம் மாதம். மேல் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்தாளாம், போன மாதம்வரை.

"குந்துங்க. ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அவரே கலந்தார். சாய்த்து, ஓரமாக, ஒரே ஒரு முறை தூக்கிவிட்டு. நான் செய்வதைவிட நன்றாக. தன் கண்ணாடி கிளாஸில் ஒன்று. பிறகு உள்ளே போய்த் துணியில் பொதிந்த எதையோ எடுத்து வந்தார். பிரித்தார். புதுப் பித்தளை டம்ளர். இன்னும் ஈயம்கூடப் பூசவில்லை.

"உங்களுக்குன்னு தனியா வாங்கி வச்சேன். யாரும் வாய் வைக்கல. மயிலாப்பூர்ல, தேரடிக்கிட்ட, உங்க ஆளுங்க கடையிலதான் வாங்கினேன். பாத்திரத்த நான் தொடக்கூட இல்ல, துணியோட வாங்கிக்கினு வந்தேன். நீங்க எப்ப வந்தாலும் சங்கோஜம் இல்லாமக் குடிக்கலாம் பாருங்க."

அவர் முகத்தில் குத்தல் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன். அன்பு மட்டும்தான் இருந்தது.

அதில் ஊற்றிக் கொடுத்தார். பித்தளையில் எலுமிச்சை ஊற்றக் கூடாது. நான் சொல்லவில்லை.

உதட்டில் வைத்துக் குடித்தேன். கடைசிவரை. விளிம்பு குளிர்ந்திருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை, மூக்கில் ஏறவில்லை. அடியில் களிம்பின் கசப்பு லேசாக வந்துவிட்டிருந்தது.

சவரிமுத்து பார்க்கவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு தன் கிளாஸைக் குடித்துக்கொண்டிருந்தார்.